மழையில் நின்ற அடுப்பு

வேலை தொடங்குமுன் அலோசியஸ் முதலில் தொடுவது உளியையோ மரம் அரியும் வாளையோ அல்ல, தேநீர்க் குடுவையின் மூடியை. அதில் பாதிவரை தேநீர் ஊற்றி வேலைமேசையின் விளிம்பில் வைப்பார். குடிப்பதற்கில்லை. வலக்கைச் சின்னவிரலின் நுனியை மூடியின் பக்கத்தில் வைத்து அழுத்துவார். சுண்ணாம்புக் கட்டிபோல வெளிறிக் கிடக்கும் விரலுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஊசி ஏற்றியது போல ஒரு நோ வரும். அதற்கும் பிறகுதான் சிவப்பு ஏறும். அடுத்தது மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல், கடைசியில் பெருவிரல். பிறகு இடக்கை. எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மேசையில் கிடக்கும் குட்டி ஆணி ஒன்றை எடுத்துப் பார்ப்பார். ஒரே தடவையில் அகப்பட்டால் வேலை தொடங்கும். அகப்படாவிட்டால் ஆறிய தேநீரை வெளியே கொட்டிவிட்டு, மறுபடியும் சின்னவிரலிலிருந்து.

மன்னாரிலிருந்து ஜேர்மனிக்கு வந்தபோது அந்த விரல்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. டோர்ட்மண்டில் ஒரு வார்ப்பு ஆலையில், கையோடு சேர்ந்து அதிரும் அரைப்பானைப் பிடித்து இரும்பு மழித்தே அவை அப்படிப் போயின. குளிர் பட்டால் இரத்தம் அந்தப் பக்கமே போகாது. வேலையை விடுங்கள் என்று டாக்குத்தர் சொன்னபோது அலோசியஸ் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஆலை போனாலும் மணவறை இருக்கிறது என்று நினைத்தார்.

இந்த நாட்டில் தமிழரின் கலியாணம் நடப்பதெல்லாம் வாடகை மண்டபங்களில். மண்டபம் வெறும் மண்டபம்தான். மேடையும் தூண்களும் வளைவும் வெளியிலிருந்து வரவேண்டும். அவற்றைச் செய்வது அலோசியஸ். ஆட்களைப் பிடிப்பதும், திகதி பேசுவதும், லொறியில் ஏற்றிப் போவதும், மாப்பிள்ளையின் தகப்பனைச் சிரிக்க வைப்பதும் சிதம்பரம். இரண்டு பேரும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதிகளைத் தங்கவைக்கும் ஹைமில் ஒரே இரும்புக் கட்டிலில் மேலும் கீழுமாகப் படுத்தவர்கள். மேலே சிதம்பரம், கீழே அலோசியஸ். "மேல படுத்தவன் இண்டைக்கும் மேலதான்" என்று சிதம்பரம் எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார். அலோசியசும் சிரிப்பார்.

மணவறைச் சாமான்களை வைத்திருந்தது டோர்ட்மண்டுக்கு வெளியே, கோதுமை வயல்களுக்கு நடுவே, ஒரு பண்ணைக்காரரின் பழைய கொட்டிலில். வாடகைக்கு எடுத்தவர் சிதம்பரம். நிலத்தில் நட்ட பருத்த மரத்தூண்கள், மேலே நெளிதகரம், சுற்றிவர ஒற்றைப் பலகை. முன்பு வைக்கோல் சுருள்களும் ஒரு உழவு இயந்திரமும் நின்ற இடம். பலகைக்கும் பலகைக்கும் இடையில் காற்று நினைத்தபடி வந்து போகும். கோடையில் அங்கே வேலை செய்வது சுகம். ஐப்பசி பிறந்தால் பசை இறுகாது, வண்ணம் காயாது, அலோசியசின் விரலும் மடங்காது.

ஒரு மாரிக்கு காஸ் கணப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். காலையில் மூட்டினார்கள். மத்தியானம் கூரைத் தகரத்தின் அடிப்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக உள்ளேயே மழை பெய்தது. பொன்வண்ணம் அடித்து நிறுத்தியிருந்த தூண்களில் கோடு கோடாக வழிந்தது.

"வெளியில வெயில், உள்ளுக்கு மழை. பார் மச்சான், ஜேர்மன்காரனுக்கே தெரியாத காலநிலை" என்றார் சிதம்பரம்.

"தகரம் குளிர், காத்து சூடு. அப்பிடித்தான் வரும்" என்றார் அலோசியஸ், துணியால் தூணைத் துடைத்தபடி. அந்தத் தூணில் அவருக்குத் தனிப் பிரியம். முதன்முதலில் செய்த தூண் அது. அதன் அடித் தாமரையை வெட்டும்போது கை ஒருமுறை விறைத்து உளி சறுக்கியதில், ஒரு இதழின் நுனி பெயர்ந்துபோனது. மாவு பூசிச் சரிசெய்தார். கண்ணுக்குத் தெரியாது. நகத்தால் தடவினால் மட்டும் சின்னக் குழி ஒன்று தட்டுப்படும்.

அடுத்த ஆனியில் சிதம்பரம் அந்தத் தூணைத்தான் லொறியில் ஏற்றினார். "பிராங்பேர்ட்டில ஒரு பெரிய இடத்துக் கலியாணம். ஒரு சாம்பிள் கேக்கினம்" என்றார். சில நாட்களில் தூண் திரும்பி வந்தது. பிராங்பேர்ட் கலியாணத்தைப் பற்றி மறுபேச்சு வரவில்லை. கைகூடாத கலியாணம் எத்தனையோ. அலோசியஸ் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் சிதம்பரம் வீட்டுக்கு வந்தார். அலோசியசின் மனைவி பேர்பெச்சுவா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சிதம்பரம் கோப்பையைத் தொடவில்லை. அலோசியசின் வலக்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"உன்னை இன்னொரு மாரிக்கு அந்தக் குளிருக்குள்ள விட்டா எனக்குப் பாவம் பிடிக்கும் மச்சான். கொட்டிலை வீடு மாதிரி ஆக்குவம். பஞ்சு அடைச்சு, தரை போட்டு, அடுப்பு வைச்சு. சாமான் என்ர பொறுப்பு. கை உன்ர."

"என்ர கைதானே பிரச்சினை."

"அதுக்குத்தானேடா செய்யிறம், விசரா!"

அலோசியஸ் சிரித்தார். சிதம்பரம் போன பிறகு பல்கனியில் போய் நின்றுகொண்டார். கண் கலங்கியதைப் பேர்பெச்சுவாவுக்குக் காட்ட விருப்பமில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கையைப் பற்றி யாரும் பேசாமலில்லை. டாக்குத்தர் பேசினார், ஆலை பேசியது, ஓய்வூதியக் கந்தோர் பேசியது. அதற்காக ஒரு இடம் கட்டித் தருகிறேன் என்று சொன்னவர் சிதம்பரம் ஒருவர்தான்.

ஆவணித் தொடக்கத்தில் கேவலார் மாதா திருநாள். ஜேர்மனியில் உள்ள தமிழர் எங்கெங்கோ இருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்து கூடும் நாள். கத்தோலிக்க வேதக்காரர் மட்டுமல்ல, சைவக்காரரும் வருவார்கள். சிதம்பரமும் மனைவி மகாதேவியும் ஒவ்வொரு வருடமும் தவறுவதில்லை. மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் பெரிய வரிசை. பெண்கள் முன்னால் கதைத்துக்கொண்டு நின்றார்கள். வரிசையின் பின்பக்கம் நின்ற அலோசியஸ், தன் முறை வந்ததும் வழக்கமாக வாங்கும் மெல்லிய திரியை விட்டுப் பெரியது ஒன்று வாங்கினார். கொட்டிலுக்கு. வேறு வேண்டுதல் அவரிடம் இருக்கவில்லை. காற்று அடித்தது, திரி இரண்டு தரம் அணைந்தது. மகாதேவியோடு நின்ற பேர்பெச்சுவா திரும்பி வந்து, ஒன்றும் கேட்காமல், தன் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து அந்தச் சுடரைச் சுற்றிப் பிடித்தாள். திரி பற்றியது.

அதற்குப் பிறகுதான் முதல் பலகை லொறி கொட்டில் வாசலில் வந்து நின்றது.

அலோசியஸ் முதலில் கொட்டில் தூண்களின் அடியைப் பார்த்தார். நிலத்துக்குள் நின்ற பகுதியை ஒவ்வொன்றாகத் தோண்டி, சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டார். இரண்டு தூண் உள்ளே உளுத்திருந்தது. அவற்றை வெட்டி, கீழே சீமெந்துக் கட்டு வைத்து, தூண் அடியைத் தாங்கும் இரும்புச் செருப்புப் போட்டு நிறுத்தினார். பிறகு தரை. கல் பரப்பி, தடித்த நுரைப்பலகை பரப்பி, அதற்கு மேல் சீமெந்து. தரை இறுகிய மறுநாள் சிதம்பரம் வந்தார். சட்டைப்பையிலிருந்து பேரப்பிள்ளையின் கண்ணாடிப் போளைக் குண்டு ஒன்றை எடுத்தார்.

"உதென்ன, விளையாடவோ?"

"பொறு." சிதம்பரம் குந்தியிருந்து போளையைத் தரையில் வைத்தார். அது நின்றது. நடுவுக்குப் போய் வைத்தார். நின்றது. நான்கு மூலையிலும் வைத்தார். எங்கும் அசையவில்லை. கைதட்டினார். "எடேய், மேசன்மாரெல்லாம் உன்னட்டப் படிக்கோணும்!"

"மணவறை செய்யிற இடத்துக்கு உவ்வளவு மட்டம் தேவையில்லை, சிதம்பரம்."

"இருக்கட்டும் மச்சான். செய்யிறதைத் திறமாச் செய்வம்."

மின்கம்பி இழுக்கும்போதும் அதே கதை. தடித்த கம்பி போடச் சொன்னார் சிதம்பரம். "எனக்கு ஒரு வாளும் ரெண்டு லைட்டும்தானே" என்றார் அலோசியஸ். "பின்னுக்கு என்ன வருமெண்டு ஆர் கண்டது" என்றார் சிதம்பரம். வாசலை அகட்டச் சொன்னார். "வளைவைக் கழட்டாமல் அப்பிடியே வெளியில எடுக்கலாம்" என்றார். அது நியாயமாகத்தான் இருந்தது. அலோசியஸ் அகட்டினார். ஒவ்வொரு தடவையும் வந்து போகும்போது சிதம்பரம் கேட்டது ஒன்று: "ராவிலயும் சூடு நிக்குமோ?" இரவில் கைக்கு அங்கே என்ன வேலை என்று அலோசியஸ் ஒருபோதும் யோசிக்கவில்லை. அக்கறை என்றே எடுத்துக்கொண்டார்.

சுவர் வேலைதான் அவருக்குப் பிடித்தது. தூணுக்கும் தூணுக்கும் இடையில் சட்டம் அடித்து, வெளிப்பலகைக்கும் பஞ்சுக்கும் இடையில் காற்றோட இரண்டு விரல் இடைவெளி விட்டு, குளிர் தடுக்கும் மஞ்சள் பஞ்சை இறுக்காமலும் தொங்கவிடாமலும் அடைக்கவேண்டும். அதற்கு மேல் உள்பக்கமாக ஒரு பொலித்தீன். உள்ளே இருக்கும் ஈரக்காற்று பஞ்சுக்குள் போனால் அங்கே குளிர்ந்து தண்ணீராகி, பஞ்சு நனைந்து, தூண் உளுத்துப்போகும். ஒரு ஓட்டை விட்டாலும் ஈரம் அந்த ஓட்டையைத் தேடி வரும் என்று சாமான் கடைக்காரர் சொல்லியிருந்தார். பொலித்தீனை ஒருவர் பிடிக்க ஒருவர் அடிக்கவேண்டும். ஒரு சனிக்கிழமை பேர்பெச்சுவாவைக் கூட்டிக்கொண்டு போனார்.

அவள் ஏணியில் நின்று விளிம்பைப் பிடித்தாள். அவர் அடித்த ஒவ்வொரு கம்பி ஆணிக்கும் மேலே ஒட்டுநாடாவைக் கிழித்து ஒட்டி, விரலால் நீவிக்கொண்டு போனார். வாய்க்குள் ஏதோ பாட்டு. ஆலையை விட்ட பிறகு அவர் பாடி அவள் கேட்டதில்லை.

"இஞ்சேருங்கோ."

"ம்."

"உதெல்லாம் செய்யிறியள். சிதம்பரண்ணையிட்ட ஒரு கடதாசி எழுதி வாங்கினா என்ன? இந்த இடத்தில நீங்கள்தான் வேலை செய்வியள் எண்டு."

அலோசியஸ் ஒட்டுவதை நிறுத்தினார். "என்ன கதை கதைக்கிறீர்? ஒரு கட்டில்ல மேலயும் கீழயும் படுத்தவனிட்ட கடதாசியோ? அவன் கேட்டா என்ன நினைப்பான்?"

"ஜேர்மன்காரரிட்ட ஒரு கதவு வாங்கினாலும் எழுதித்தானே வாங்கிறியள்."

"ஜேர்மன்காரர் ஹைமில எனக்குக் காய்ச்சல் எண்டு தன்ர கம்பளியையும் தந்தவங்களோ? அவன் தந்தவன். பிடியும், விளிம்பு கீழ போகுது."

பேர்பெச்சுவா விளிம்பை உயர்த்திப் பிடித்தாள். அன்று முழுவதும் வேறொன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அவள் கொட்டில் பக்கம் வரவும் இல்லை. சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் தவறாமல் கட்டி வைப்பாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அடுப்பு அலோசியஸ் தானாகக் கண்டுபிடித்தது. இடிக்கப்போகும் ஒரு பழைய வீட்டில், முன்கதவில் மான் உருவம் வார்த்த கறுத்த இரும்பு அடுப்பு. அந்த மான்தான் அவரை வாங்க வைத்தது. வார்ப்பு வேலை தெரிந்த கண்ணுக்கு அதன் காலும் கொம்பும் எவ்வளவு சுத்தமாக வந்திருக்கின்றன என்று தெரியும். துருவை உரசி, கறுப்பு மை பூசி, புகைக்குழாயைச் சுவர் வழியே வெளியே எடுத்தார். குழாய் சுவரைக் கடக்கும் இடத்தைச் சுற்றிப் பஞ்சை வெட்டி, தீப்பிடிக்காத பலகை வைத்தார்.

இந்த நாட்டில் புகைபோக்கிக்காரர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லாமல் அடுப்பு மூட்ட ஏலாது. வந்தார், கறுப்பு உடுப்பும் பொத்தான்களுமாக. அவரைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது ஜேர்மன்காரரின் நம்பிக்கை. சிதம்பரம் அவரைக் கேட்டுவிட்டு அவருடைய பொத்தானைத் தொட்டார். "நீயும் தொடு மச்சான்" என்றார். அலோசியஸ் கூச்சப்பட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருக்கு வந்த அதிர்ஷ்டம் ஏற்கெனவே அந்தச் சுவர்களுக்குள் பஞ்சாக அடைந்து கிடந்தது.

கார்த்திகையில் ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். புது வீட்டுக்குச் செய்வது போல. மகாதேவி புதுப் பானை கொண்டுவந்து அந்த அடுப்பின் மேல் வைத்தாள். பேர்பெச்சுவா தலையிடி என்று வரவில்லை. வெளியே பனி ஈரம், உள்ளே எல்லோரும் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பால் பொங்கி மான் கொம்பு வழியே வழிந்தது. கருகிய வாசம் எழுந்தது.

"பொங்கிட்டுது! எந்தப் பக்கம் வழிஞ்சது?" என்றார் சிதம்பரம்.

"அண்ணையின்ர பக்கம்" என்றாள் மகாதேவி.

"பார், உனக்குத்தான் மச்சான். இனி உன்ர கை வெளிறாது."

அலோசியஸ் அந்தக் கூட்டத்திலிருந்து மெல்ல விலகி வேலைமேசைக்குப் போனார். தேநீர் மூடி இல்லை. கண்ணை மூடினார். கை நீட்டினார். ஆணி முதல் தடவையிலேயே விரலுக்குள் வந்தது.

அந்த மாரியின் தொடக்கம் அவருக்கு நன்றாகப் போனது. காலையில் அடுப்பை மூட்டி, மான் கதவு சூடேறும்வரை கதிரையில் இருப்பார். கூரை சொட்டவில்லை. பசை சொன்ன நேரத்துக்கு இறுகியது. தேநீரைக் குடிக்கத் தொடங்கினார்.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகை கழிந்ததும் சிதம்பரத்திடமிருந்து அழைப்பு. "தரைக்கு ஒரு பூச்சுப் பூசுவிக்கிறன் மச்சான். மணம் கூடாது, உன்ர நெஞ்சுக்கு ஒத்துவராது. பொங்கல் முடிய வா."

பொங்கல் முடியப் போனார். ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. காரை நிறுத்தி இறங்கியதும் முதலில் கண்டது அடுப்பை. கொட்டில் சுவரோரம், ஒரு மரத்தட்டின் மேல் அது நின்றது. மான் கதவு திறந்தபடி. உள்ளே சாம்பல் சேறாகிக் கிடந்தது. புகைக்குழாய் போன ஓட்டையை உள்ளிருந்து யாரோ அடைத்திருந்தார்கள். அவர் வாங்கி வைத்த அதே வெள்ளி ஒட்டுநாடாவால்.

கதவைத் திறந்தார். உள்ளே சூடு இருந்தது. மேலே கூரையோரம் வெள்ளைப் பெட்டி ஒன்று மெல்ல ஊதிக்கொண்டிருந்தது. தரை நடுவில், கொட்டிலின் பாதி நீளத்துக்கு ஒரு மெசின். தண்டவாளம் போன்ற இரண்டு கம்பிகளுக்கு மேல் ஒரு பாலம் முன்னும் பின்னும் ஓடியது. அதிலிருந்து இறங்கிய கத்தி வெள்ளை ரெஜிபோம் நுரைக்கட்டி ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தது. துகள் பனிபோலப் பறந்தது. அதற்குப் பக்கத்தில் கணினியோடு இருந்தவன் சேயோன், சிதம்பரத்தின் தங்கை மகன், ஆஹென் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவன். அவன் எழுந்து நின்றான்.

"வாங்கோ அங்கிள்." கதிரையை இழுத்துப் போட்டான். "இருங்கோ." பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல், "உங்கட தரை சூப்பர் அங்கிள். மெசின் பூட்ட வந்தவங்கள் இப்பிடி ஒரு தரை காணேல்லையாம்" என்றான். மனதாரச் சொன்ன பாராட்டுத்தான். அலோசியஸ் கதிரையில் உட்காரவில்லை.

சிதம்பரம் மெசினுக்குப் பின்னாலிருந்து வந்தார். "வா மச்சான், வா. உனக்குக் காட்டத்தான் நிண்டனான். பாத்தியோ, ஒரு தூண் அரைநாளில. நீயும் நானும் இனி நாரி முறியத் தூக்கத் தேவையில்லை. ஒரு சின்னப்பிள்ளை தூக்கும்."

"அடுப்பு வெளியில நிக்குது."

"ரெஜிபோம் தூசு மச்சான். ஒரு பொறி விழுந்தா எல்லாம் போச்சு. மெசின்காரர் நெருப்பு விடாயினம்."

"மழைக்குள்ள நிக்குது."

"எடுத்து வைப்பம், எடுத்து வைப்பம். இரும்புதானே."

அலோசியஸ் தரையைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். பிறகு சுவரில் ஏறிப்போன தடித்த கம்பியை. "போளை வைச்சுப் பாத்தாயே" என்றார்.

"என்ன?"

"நாலு மூலைக்கும் போளை வைச்சுப் பாத்தாயே, சிதம்பரம்."

எப்போதும் வாய் ஓயாத சிதம்பரம் மெசின் கம்பியில் படிந்த துகளைத் தட்டிவிட்டார். மெசின் மட்டும் பேசியது. சேயோன் அதை நிறுத்தினான். நிறுத்தியது இன்னும் மோசமாக இருந்தது.

"என்ர கைக்கு எண்டாய்."

"உன்ர கைக்கும்தான்! இனி நீ உளி பிடிக்கவே தேவையில்லை. வா, இரு, சூடா இரு. விருப்பமெண்டா வண்ணம் அடி. ஆர் வேண்டாமெண்டது?"

"எனக்கு மெசினில கோவமில்லை. முந்தியே சொல்லியிருந்தா நானே பழகியிருப்பன். ஆலையில இதைவிடப் பெரிசெல்லாம் பிடிச்சனான்."

"இந்த வயசில கொம்பியூட்டரோ? விடு மச்சான்." சிதம்பரம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வராமல் எரிச்சல் வந்தது. "சரி, சொல்லியிருந்தா நீ கொட்டிலைக் கட்டித் தந்திருப்பியோ?"

"கட்டித் தந்திருப்பன்" என்றார் அலோசியஸ். "அதுதான் உனக்குத் தெரியேல்லை."

வேலைமேசை சுவரோரம் தள்ளப்பட்டு அதன் மேல் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஆணிகள் எங்கே என்று அவர் தேடவில்லை. கொட்டில் சாவியைக் கதிரையின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். மழை இன்னும் விடவில்லை. அடுப்பை ஒருவராகத் தூக்க ஏலாது. அதனால் மான் கதவைச் சாத்தி, வண்ணத் தகரத்தின் மூடி ஒன்றைத் தேடி எடுத்து, புகைக்குழாய் பொருந்தும் வாயின் மேல் கவிழ்த்து, ஒரு கல் வைத்தார். தண்ணீர் உள்ளே போகாது. அந்த வேலை முடிவதற்குள் விரல்கள் பத்தும் வெளிறிவிட்டன. கார்ச் சாவி கைக்குள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், குனிந்து பார்த்துத்தான் கதவைத் திறந்தார்.

வீட்டுக்கு வந்து, "அவன் மெசின் போட்டிட்டான்" என்று ஒரு வசனம் சொன்னார். பேர்பெச்சுவா என்ன மெசின் என்று கேட்கவில்லை. சுடுதண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு வந்து, அவருடைய கைகளை எடுத்து அதற்குள் வைத்தாள். "சாப்பிடுங்கோ" என்றாள். சிதம்பரம் பிறகு சில தரம் போன் எடுத்தார். அலோசியஸ் எடுக்கவில்லை. மாசி முழுவதும் பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்து, எதிர்வீட்டுக் கூரையில் காகங்கள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு நின்றுவிட்டது.

வசந்தத்தில், பேர்பெச்சுவாவோடு வேலை செய்யும் லலிதாவின் மகளுக்குக் கலியாணம். டோர்ட்மண்டில் ஒரு மண்டபம். மணவறை யாருடையது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. வெள்ளையும் பொன்னுமாகத் தூண்கள், மேலே வளைவு, வளைவில் விளக்கு. நன்றாகத்தான் இருந்தது. மரத்தில் அவர் செய்ததைவிட உயரமாக, நெருக்கமாக இருந்தது. அதை அலோசியஸ் தன் மனதுக்குள் ஒத்துக்கொண்டார். தாமரை மட்டும் எங்கேயோ பழகிய தாமரையாகப் பட்டது.

படம் எடுக்க எல்லோரும் வரிசையாக ஏறினார்கள். மணமக்களுக்குப் பக்கத்தில் நிற்க அவருடைய முறை வந்தபோது, எதையோ எடுப்பவர் போலக் குனிந்து அருகிலிருந்த தூணின் அடியில் கை வைத்தார். மண்டபத்துக்குள் சூடு போதும். விரல்களில் உணர்வு இருந்தது. கண்ணை மூடித் தேட வேண்டியிருக்கவில்லை. நகம் தானாகவே போய் அந்த இதழின் நுனியில் நின்றது. சின்னக் குழி.

படம் எடுத்து முடிந்தது. அவர் இறங்கவில்லை. அடுத்த தூணுக்குப் போனார். அதே இதழ், அதே குழி. அதற்கடுத்த தூண். அதிலும். ஒரு மாரிக்காலம் விறைத்துச் சறுக்கிய அவருடைய கை, மணவறை முழுவதும் சறுக்கியிருந்தது.

"அங்கிள், ஆக்கள் நிக்கினம், கொஞ்சம் இறங்குங்கோ" என்றார் படம் எடுப்பவர்.

கீழே நின்ற பேர்பெச்சுவா படியேறி வந்து அவருடைய முழங்கையைப் பிடித்து இறக்கினாள். "எல்லாத் தூணிலயும் இருக்கு" என்றார் அவர். "வாங்கோ" என்றாள் அவள். சாப்பாட்டுக்கு நிற்காமல் இருவரும் வீட்டுக்குப் போனார்கள். ஆனியில் தூண் பிராங்பேர்ட்டுக்கென்று போனது தாமரையை மெசினுக்கு அளந்து கொடுக்கத்தான் என்பது வழியில், சிவப்பு விளக்கொன்றில் நின்றபோது அவருக்கு விளங்கியது. சிதம்பரம் வந்து கையைத் திருப்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். முதலில் தாமரை, பிறகுதான் கை. அந்த ஒழுங்கு அவருக்கு இனித் தெரியும். இதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தார்.

சில கிழமை கழிந்து, தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது மகாதேவியைக் கண்டார். ஒதுங்கிப் போகப் பார்த்தார். அவள் விடவில்லை. கையில் கூடையோடு வழியை மறித்து நின்றாள்.

"அண்ணை, என்னோட என்ன கோவம்? வீட்டுப் பக்கமும் இல்லை. உங்கட கட்டில் தோழனோட எண்டா சரி."

"கோவமில்லைத் தங்கச்சி."

"நான் அவருக்கு அண்டைக்கே சொன்னனான், மெசின் வந்தா அண்ணைக்கு மனம் நோகும், வெளிப்படையாச் சொல்லுங்கோ எண்டு. பிறகு நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு செய்யிறதைக் கண்டிட்டு, ஓம், அறிஞ்சுதான் செய்யிறியள், அக்கா சொல்லியிருப்பா எண்டு நினைச்சுக்கொண்டு பேசாமல் இருந்திட்டன்."

"எந்த அக்கா?"

"எங்கட பேர்பெச்சுவாக்கா. நான் அவவுக்கு எல்லாம் சொன்னனானே. மெசினுக்கு ஓடர் குடுத்திருக்கினம், கொட்டில் அதுக்குத்தான் எண்டு. கேவலாரில, மெழுகுதிரி வரிசையில நிக்கேக்க." மகாதேவி முருங்கைக்காய் ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தாள். "ஒண்டும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு நிண்டவ. பிறகு உங்கட திரி அணைஞ்சு போச்சுதெண்டு உங்களிட்ட வந்தவ."